இன்ஜினை ஏற்றியாச்சு, வண்டி முரண்டு பிடிக்கிறது: பஸ் வீட்டுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பழைய பஸ்ஸை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிக் கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக்கியவர்களுக்கு ஒரு நாள் இந்த வேலை வந்தே தீரும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இறக்கி, சரி பார்த்து, திரும்ப ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்துச் சாவியைத் திருப்பும்போது வண்டி ஏதாவது ஒரு விதத்தில் மக்கர் பண்ணும். உடனே இன்ஜினுக்குள்ளே கோளாறு என்று பயந்து மறுபடியும் பிரிக்க உட்காருபவர்கள் அதிகம்.

தயவுசெய்து பிரிக்காதீர்கள். ஏற்றிய பிறகு வரும் கோளாறு பெரும்பாலும் நாம் கழற்றி மாட்டிய இடத்தில்தான் இருக்கும்: ஒயர், டீசல் குழாய், தண்ணீர் ஹோஸ், ஏர் லைன், கியர் கேபிள், போல்ட். அறிகுறி எதுவானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இதோடு சம்பந்தப்பட்ட எதை நாம் தொட்டோம்?

பஸ் வீட்டில் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். வீட்டுக்காக நாமே சேர்த்தவை இருக்கின்றன. இரண்டாவது பேட்டரி, டீசல் ஹீட்டர், இன்ஜின் தண்ணீரில் சூடாகும் குளியல் வெந்நீர்த் தொட்டி என்று எல்லாமே இன்ஜினின் ஏதோ ஒரு லைனில் தொற்றிக்கொண்டிருக்கும். கம்பெனி மேனுவலில் இவை எதுவும் இருக்காது. முன்பு வேறு யாராவது வண்டியை மாற்றிக் கட்டியிருந்தால் அவர் மனதில் மட்டும்தான் வரைபடம் இருந்திருக்கும்.

கீழே போகும் முன்

பழைய பஸ்களில் பல ஏர் சஸ்பென்ஷன் வண்டிகள். பலூனில் காற்று இறங்கினால் பாடி சொல்லாமல் கொள்ளாமல் கீழே உட்காரும். அடியில் ஆள் இருந்தால் உயிர் போகும். சேசிஸின் பலமான இடத்தில் ஸ்டாண்டு கொடுத்த பிறகே கீழே போங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றும்போது வீட்டு பேட்டரியையும் சேர்த்துக் கழற்றுங்கள். இரண்டும் ரிலே வழியாக இணைந்திருந்தால், ஒன்றைக் கழற்றியும் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) ஒயரில் கரண்ட் இருக்கலாம்.

கியர்பாக்ஸ் கடைசி ஒரு விரல் அளவு சேர மறுக்கிறது

அதிக நஷ்டம் வருவது இந்த அறிகுறியில்தான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம். இன்ஜினும் பெல் ஹவுசிங்கும் (கியர்பாக்ஸின் முன்பக்கக் கூடு) கிட்டத்தட்டச் சேர்ந்துவிட்டன, நடுவில் 5 அல்லது 10 மில்லிமீட்டர் இடைவெளி, அதற்கு மேல் அசையவில்லை. கையில் போல்ட்டும் ஸ்பேனரும் இருக்கின்றன. இழுத்துவிடலாம் என்று தோன்றும். இழுக்கக் கூடாது. இரண்டு முகங்களும் கையால் தள்ளியே ஒட்ட வேண்டும். போல்ட் என்பது ஒட்டியதைப் பிடித்து வைக்க மட்டும்.

கிளட்ச் வண்டியானால் காரணம் மூன்றில் ஒன்று. கிளட்ச் பிளேட் நடுவில் உட்காரவில்லை, அல்லது ஷாஃப்டின் பல்லும் பிளேட்டின் பல்லும் நேராக வரவில்லை, அல்லது கியர்பாக்ஸ் மூக்கு சாய்ந்திருக்கிறது. சாய்வைக் கண்டுபிடிப்பது சுலபம். இடைவெளியை மேலே, கீழே, இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். மேலே அதிகம், கீழே குறைவு என்றால் ஜாக்கியின் கோணத்தை மாற்றுங்கள். நான்கு பக்கமும் ஒரே அளவு என்றால் பல் பொருந்தாமலோ பிளேட் நடுவில் இல்லாமலோ இருக்கலாம். ஏதாவது ஒரு கியரில் போட்டு, பின்பக்க ஃபிளேஞ்சை (ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் மாட்டும் வட்டு) மெதுவாகக் கையால் திருப்பிக்கொண்டே தள்ளுங்கள். பிளேட்டை நடுவில் நிறுத்த, அதே கியர்பாக்ஸின் பழைய இன்புட் ஷாஃப்ட் கிடைத்தால் அதைவிட நல்ல கருவி இல்லை. இரண்டு நீளமான போல்ட்டின் தலையை வெட்டிவிட்டு வழிகாட்டிக் கம்பிகளாகப் போட்டுக்கொண்டால் வேலை பாதியாகும். கியர்பாக்ஸின் எடையைக் கிளட்ச் பிளேட்டில் தொங்க விட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், நடு வளையம் வளைந்துவிடும்.

ஆட்டோமேட்டிக் வண்டியில், டார்க் கன்வர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதிலாக ஆயில் மூலம் சக்தியைக் கடத்தும் உருளை) தனியாகக் கழன்று வரும் வகையானால், முதல் சந்தேகம் கன்வர்ட்டர் மேல்தான். அது கியர்பாக்ஸுக்குள் ஒரேயடியாகப் போய் உட்காராது. ஒவ்வொரு ஷாஃப்டின் பல்லாகப் பிடித்துப் படிப்படியாக இறங்கும், கடைசியாக ஆயில் பம்பின் பல்லில் பொருந்தும். இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக்கொண்டே தள்ள வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு "டொக்" உள்ளங்கையில் தெரியும்.

நான் முதன்முறை ஏற்றியபோது இரண்டு "டொக்" வந்ததும் போதும் என்று நினைத்துவிட்டேன். ஹவுசிங் 8 மில்லிமீட்டர் தள்ளியே நின்றது. கூட வேலை செய்த பையன், "அண்ணே, ரெண்டு போல்ட்டைப் போட்டு இழுத்துடலாமா?" என்றான். "வேண்டாம்பா, இறக்கு" என்றேன். ஏற்கனவே இரவாகிவிட்டது, இரண்டு பேருக்கும் மனசே இல்லை. இறக்கினோம். கன்வர்ட்டரைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து அரைச்சுற்று திருப்பியதும் மூன்றாவது "டொக்" வந்தது, கன்வர்ட்டர் ஒரு விரல் அகலம் உள்ளே போனது. அடுத்த முறை ஹவுசிங் கையாலேயே ஒட்டியது. அன்று போல்ட் போட்டு இழுத்திருந்தால் பம்ப் பல் நொறுங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்ததும் ஒரு ஊளைச் சத்தம் வரும், வண்டி அங்குலம்கூட நகராது. அதன் பிறகு கியர்பாக்ஸை முழுதாகப் பிரித்தே ஆக வேண்டும்.

ஹவுசிங் ஒட்டிய பிறகும் ஒரு சோதனை உண்டு. ஃபிளெக்ஸ் பிளேட் (கிராங்க் ஷாஃப்டையும் கன்வர்ட்டரையும் இணைக்கும் தகடு) போல்ட் போடும் முன், கன்வர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும். அதற்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். பல கியர்பாக்ஸ்களில் இது 3 முதல் 5 மி.மீ. வரை, உங்கள் மேனுவல் சொல்லும் அளவே சரி. போல்ட் போட்ட பின் கிராங்க் ஷாஃப்டை முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். ஏற்றுவதற்கு முன் இருந்த சின்ன ஆட்டம் இப்போதும் இருக்க வேண்டும். அது காணாமல் போயிருந்தால் கன்வர்ட்டர் கிராங்க்கை அழுத்திக்கொண்டிருக்கிறது, அப்படியே ஓட்டினால் கிராங்க்கின் முன்பின் அழுத்தத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் தீய்ந்துவிடும்.

இன்ஜின் முகத்தில் இருக்கும் டவல் பின்கள் பழைய ஹவுசிங்கோடு போய்விட்டனவா என்றும் பாருங்கள். போல்ட் ஓட்டையில் கொஞ்சம் விளையாட்டு இருக்கும், நேர்க்கோட்டைத் தருவது டவல்தான். அது இல்லாவிட்டால் இன்று எல்லாம் நன்றாக இருக்கும், சில ஆயிரம் கிலோமீட்டரில் ஃபிளெக்ஸ் பிளேட் விரியும் அல்லது முன் சீல் ஒழுகும். கனரக கிளட்ச்களில் ஹவுசிங் துளையின் ஓட்டம் (சுற்றும்போது தெரியும் மையவிலகல்) பொதுவாக 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்து ஒரு சுற்று சுற்றினால் தெரிந்துவிடும்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது ஒரு "டக்" மட்டும்

சத்தமே இல்லை என்றால், பின்பக்க இன்ஜின் கொண்ட பழைய கோச்களில் முதலில் பார்க்க வேண்டியது இன்ஜின் அறையில் இருக்கும் ஸ்விட்ச். பின்னால் நின்றே ஸ்டார்ட் செய்வதற்காக வைத்திருப்பார்கள். அது "பின்" என்ற பக்கம் இருந்தால் டிரைவர் சீட்டிலிருந்து எதுவும் நடக்காது. வேலை நடக்கும்போது பாதுகாப்புக்காகத் தள்ளி வைத்திருப்போம், மறந்திருப்போம். அடுத்தது கியர்பாக்ஸில் இருக்கும் நியூட்ரல் ஸ்விட்ச்சின் ஒயர். ஆட்டோமேட்டிக்கில் அது இணையாவிட்டால் செல்ஃபுக்குக் கரண்டே போகாது.

"டக்" மட்டும் கேட்டால், அல்லது செல்ஃப் முனகிக்கொண்டு சுற்றினால், எர்த் பட்டையைப் பாருங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே தடிமனான செம்புப் பட்டை இல்லாவிட்டால் கரண்ட் திரும்பிப் போக நல்ல வழி இல்லை. அப்போது கிடைத்த வழியில் போகும். நாங்கள் பட்டையை மாட்ட மறந்த ஒரு தடவை, நாலாவது முறை சாவி திருப்பும்போது கியர் கேபிளின் உறையிலிருந்து மெல்லிசாகப் புகை கிளம்பியது. தொட்டால் கை சுட்டது. செல்ஃபுக்குப் போன அத்தனை கரண்ட்டும் அந்தக் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

இதை ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைப் பெயின்ட் இல்லாத இன்ஜின் பிளாக்கிலும் வைத்துவிட்டு ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பேட்டரியையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். 12 வோல்ட் அமைப்பில், முழு சார்ஜ் உள்ள பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 அளவில் இருக்கும். சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரியிலோ செல்ஃபிலோ குறை.

செல்ஃப் சுற்றும்போது கரகரவென்று பல் அரைத்தால் உடனே நிறுத்துங்கள். செல்ஃபுக்கு அடியில் இருந்த மெல்லிய தகடு விட்டுப்போயிருக்கலாம். வேறு ஃபிளைவீல் போட்டிருந்தால் பல் எண்ணிக்கையே மாறியிருக்கலாம்.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை, பிடித்தாலும் அணைந்துவிடுகிறது

டீசல் லைனில் ஏர் இருக்கும். ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, நுரையில்லாத டீசல் வரும் வரை விடுங்கள். தனி இன்ஜெக்ஷன் பம்ப் கொண்ட இன்ஜினானால் அப்புறம் இன்ஜெக்டர் யூனியன்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, சுற்றச் செய்து ஏர் எடுங்கள். பீய்ச்சும் டீசலுக்கு முன்னால் கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நடந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். செல்ஃபை ஒரே மூச்சில் 30 வினாடிக்கு மேல் சுற்றாதீர்கள், நடுவில் இரண்டு நிமிடம் ஆற விடுங்கள்.

ஏர் எடுத்தும் ஒரு சொட்டுகூட வராவிட்டால் ஸ்டாப் சோலினாய்டின் (கரண்ட்டால் டீசலைத் திறந்து மூடும் பாகம்) ஒயரைப் பாருங்கள்.

பிடித்து ஒரு நிமிடம் ஓடி அணைவதுதான் ஆளைச் சுற்றவைக்கும் கோளாறு. ஃபில்டரில் இருந்த டீசல் தீரும் வரை ஓடுகிறது, அதற்கு மேல் டேங்க்கிலிருந்து வரவில்லை. போகும் லைனும் திரும்பும் லைனும் மாறியிருக்கிறதா? டேங்க் காற்றோட்டக் குழாய் அடைத்திருக்கிறதா? இரண்டும் இல்லை என்றால், உறிஞ்சும் பக்கத்தில் எங்கோ காற்று நுழைகிறது. அங்கே வெளியில் ஒழுகாது, ஏனென்றால் உள்ளேதான் இழுக்கிறது. டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு அடி டிரான்ஸ்பரன்ட் ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். பிறகு டேங்க்கை நோக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் போங்கள். டீசல் ஹீட்டருக்கோ ஜெனரேட்டருக்கோ இந்த லைனில் "T" வடிவக் கிளை இணைப்பு போட்டு எடுத்திருந்தால், அதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். அதை அடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

வட அமெரிக்காவின் பழைய கோச்களில் டெட்ராய்ட் டீசல் 71 வரிசை இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்கள் அதிகம். 1938இல் வந்த வடிவமைப்பு அது, ஒவ்வொரு சிலிண்டரும் 71 கன அங்குலம், அதாவது சுமார் 1.16 லிட்டர். அதன் டீசல் ரிட்டர்ன் லைனில் சிறு துளை கொண்ட ஒரு யூனியன் இருக்கும். அதைச் சாதாரண யூனியன் என்று நினைத்து மாற்றினால் டீசல் அழுத்தம் நிற்காது, இன்ஜின் ஓடும், ஆனால் இழுக்காது.

ரேஸ் தானாக ஏறுகிறது

இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் லிங்கேஜையோ, டீசல் அளவை மாற்றும் இன்ஜெக்டர் ராக்கையோ தொட்டிருந்தால் இதற்குத் தயாராக இருந்தே முதல் ஸ்டார்ட் செய்யுங்கள். ராக் முழு டீசல் பக்கம் சிக்கியிருந்தால் இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் ஏறும். சாவியை அணைத்தாலும் நிற்காமல் போகலாம், ஏனென்றால் ராக் நகராவிட்டால் டீசல் நிற்காது, சில சமயம் இன்ஜின் தன் ஆயிலையே குடித்தும் ஓடும். நிறுத்த நம்பகமான வழி காற்றை அடைப்பது. இரண்டு ஸ்ட்ரோக் டெட்ராய்ட்களில் பலவற்றுக்குக் காற்று வழியில் அவசர மூடி இருக்கும். அது முழுதாக மூடுகிறதா என்று ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பாருங்கள். இல்லாத இன்ஜினில், காற்றுக் குழாயை விடப் பெரிய தட்டையான பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். கையையோ துணியையோ வைத்து அடைக்க முயலவே கூடாது.

ஆயில் பிரஷர் ஏறவில்லை

ஸ்டார்ட் செய்வதற்கு முன், டீசலை நிறுத்தி வைத்துவிட்டு, பிரஷர் முள் அசையும் வரை செல்ஃபில் சுற்றுங்கள். ஸ்டார்ட் ஆன பின் 10, 15 வினாடிக்குள் பிரஷர் காட்டாவிட்டால் அணையுங்கள். உடனே பம்பைக் குறை சொல்ல வேண்டாம். சென்சார் ஒயர் மாறியிருக்கலாம். இயந்திர கேஜ் ஒன்றைத் திருகிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

இன்ஜின் ஓடும்போது கியர் விழவில்லை

அணைத்திருக்கும்போது கியர் எளிதாக விழுகிறது, ஓடும்போது ரிவர்ஸ் கடகடவென்று அரைக்கிறது என்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை. பெடலை மிதித்து 10 வினாடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள், அப்போதும் அரைத்தால் உறுதி. ஹைட்ராலிக் ஆனால் ஏர் எடுங்கள். லிங்கேஜ் ஆனால் பெடலின் வெற்று ஆட்டத்தைச் சரி செய்யுங்கள். பல வண்டிகளில் அது 25 முதல் 40 மி.மீ. வரை இருக்கும். அதிகமானால் கிளட்ச் விடாது, இல்லவே இல்லை என்றால் கிளட்ச் நழுவும்.

இவை சரியாக இருந்தும் விடாவிட்டால், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். பிளேட் திருப்பிப் போடப்பட்டிருக்கலாம், அல்லது பைலட் பேரிங் (கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்குவது) இறுகியிருக்கலாம். இரண்டுக்கும் கியர்பாக்ஸ் மறுபடி இறங்கியே ஆக வேண்டும். அதனால்தான் ஏற்றும் முன்பே பிளேட்டில் "ஃபிளைவீல் பக்கம்" என்று அச்சிட்டிருப்பதைப் படிக்கச் சொல்கிறேன்.

கியர் விழுகிறது, வண்டி நகரவில்லை

கீழே குனிவதற்கு முன் ஏர் கேஜைப் பாருங்கள். கம்ப்ரஸர் இன்ஜினோடு இறங்கி ஏறியது, அதன் லைனையும் நாம்தான் மாட்டினோம். காற்று இல்லாவிட்டால் ஸ்பிரிங் பிரேக் (ஸ்பிரிங்கால் பிடித்து, காற்றழுத்தத்தால் விடும் பிரேக்) பிடித்துக்கொண்டே இருக்கும். பொதுவாக 60 பி.எஸ்.ஐ.க்குக் கீழே எச்சரிக்கை ஒலிக்கும், 20 முதல் 45 பி.எஸ்.ஐ.க்குள் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடிக்கும். ஏறவே இல்லை என்றால் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏர் கவர்னரின் லைனும் கம்ப்ரஸர் வெளிக்குழாயும் பாருங்கள். அந்த வெளிக்குழாய் கடுமையாகச் சூடாகும். நைலான் குழாய் போட்டிருந்தால் உருகிவிடும், உலோகக் குழாயோ அந்தச் சூட்டைத் தாங்கும் ஹோஸோதான் வேண்டும்.

காற்று இருக்கிறது, வண்டி அசையவில்லை, ஆட்டோமேட்டிக் என்றால் ஆயில் மட்டம். முதல் ஸ்டார்ட்டில் கன்வர்ட்டரும் கூலரும் நிறையும், மட்டம் சட்டென்று இறங்கும். ஸ்டார்ட் செய்த உடனேயே ஊற்றத் தயாராக நில்லுங்கள். கடைசி அளவைச் சமதரையில், சூடான பின், மேனுவல் சொல்லும் கியர் நிலையில் பாருங்கள். மட்டமும் சரி என்றால், டிரைவர் சீட்டிலிருந்து பின்னால் வரை வரும் நீண்ட கியர் கேபிளைப் பாருங்கள். முன்னால் "டி" (டிரைவ்) என்று காட்டினாலும் கியர்பாக்ஸில் லீவர் நியூட்ரலிலேயே நிற்கலாம். ஒருவர் முன்னால் மாற்ற, ஒருவர் பின்னால் இன்ஜின் அணைந்த நிலையில் லீவரைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியும்.

சூடு ஏறுகிறது

பஸ்ஸில் தண்ணீர்க் குழாய் முன்னால் வரை போய்த் திரும்புகிறது. வீட்டுக்கான சூடேற்றியும் சேர்ந்தால் இன்னும் நீளம். அதனால் ஏர் லாக் பிடிப்பது சகஜம். எல்லா ஹீட்டர் வால்வுகளையும் திறந்து வைத்து, ரேடியேட்டர் வாய் மேடாக இருக்கும்படி வண்டியை நிறுத்தி, மெதுவாக நிரப்புங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

நின்றால் சரி, ரேஸ் கொடுத்தால் சூடு ஏறுகிறது என்றால் கீழ் ஹோஸைப் பாருங்கள். உறிஞ்சும் வேகத்தில் அது நசுங்கும். இன்ஜின் மூடியைத் திறந்தால் சூடு குறைகிறது, மூடினால் ஏறுகிறது என்றால் கோளாறு இன்ஜினில் இல்லை. ரேடியேட்டரைச் சுற்றி இருந்த ரப்பர் பட்டைகளும் தடுப்புத் தகடுகளும் எங்கே? கட்டில் போட வசதியாக யாரோ கழற்றியிருப்பார்கள். அவை இல்லாவிட்டால் வெளியே போன சூடான காற்றே திரும்ப உள்ளே வந்துகொண்டிருக்கும்.

அதிர்வும் சத்தமும்

நிற்கும்போது அதிர்ந்தால் மவுண்ட் போல்ட்களைத் தளர்த்தி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, அது தன் இடத்தில் அமர்ந்த பின் இறுக்குங்கள். முறுக்கிக்கொண்டு இறுக்கிய ரப்பர் அதிர்வை அப்படியே பாடிக்குக் கடத்தும். சைலன்சர் குழாய் சேசிஸில் எங்கேயாவது உரசுகிறதா என்றும் பாருங்கள்.

ஓடும்போது மட்டும் அதிர்ந்தால், அதே வேகத்தில் வேறு கியரில் ஓட்டிப் பாருங்கள். அதிர்வு மாறவில்லை என்றால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் இரண்டு முனை நுகங்களும் (யோக்) ஒரே வரிசையில் இருக்க வேண்டும். நடுவில் கழற்றி ஒரு பல் மாற்றிச் சொருகியிருந்தால் அதிர்வு நிச்சயம். இரு பக்கக் கோணங்களின் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருக்க வேண்டும். மவுண்டின் உயரம் மாறினால் இந்தக் கோணமும் மாறும்.

ஐடிலில் "டக் டக்" என்று கனெக்டிங் ராட் அடிப்பது போல வந்தால் பயப்படும் முன் ஹவுசிங்கின் சின்னச் சன்னலைத் திறந்து ஃபிளெக்ஸ் பிளேட் போல்ட்களைப் பாருங்கள். தளர்ந்த ஒரு போல்ட்டும் விரிந்த பிளேட்டும் அச்சு அசலாக அந்தச் சத்தத்தையே தரும். பெடலை மிதித்தால் க்ரீச் என்றால் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வந்தால் கியர்பாக்ஸ் முன் பேரிங்.

ஒழுகல்

கீழே வெள்ளைத் தாள் விரித்து ஒரு இரவு விடுங்கள். சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் ஆயில், கறுப்பானால் இன்ஜின் ஆயில், கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். சொட்டு ஹவுசிங்கின் அடியில் விழுந்தாலும் மேலே ஏதாவது ஹோஸிலிருந்து வழிந்து வந்திருக்கலாம். துடைத்துவிட்டுப் பத்து நிமிடம் ஓட்டி, ஈரத்தின் உச்சியைத் தேடுங்கள்.

எல்லாம் சரியாகி ஒரு 100 கிலோமீட்டர் ஓட்டிய பின், மவுண்ட், ஃபிளேஞ்ச், ஹவுசிங் போல்ட்களை மறுபடி டார்க் ரெஞ்ச்சால் பாருங்கள். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து இரும்பு வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த முறை கீழே படுக்கும்போது கோடு உடைந்திருக்கும் போல்ட் தானாகக் கண்ணில் படும்.